சேலத்து வெயிலும் 18 வோல்ட்டும்

திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் அநேகமாக இல்லை. போர் போட்டுக்கொண்டிருக்கும் வண்டியின் பக்கத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால், வீட்டுச் சுவரில் ஒரு துளை போடுவதற்கான இயற்பியல் முழுவதும் அங்கே பெரிய அளவில் நடப்பது தெரியும். குழாய் மெதுவாகத்தான் சுழல்கிறது. பாறையை உடைப்பது அந்தச் சுழற்சி அல்ல. குழாயின் அடிமுனையில், பூமிக்குள், ஒரு சுத்தியல் இருக்கிறது. மேலே நிற்கும் கம்ப்ரஸரின் காற்று அதன் பிஸ்டனை நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்க வைக்கிறது. பிட்டின் முகத்தில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பாறையில் விரிசல் போடுகின்றன. அடுத்த அடி புது இடத்தில் விழும்படி பிட்டைக் கொஞ்சம் திருப்பித் தருவதே சுழற்சியின் வேலை. அதே காற்று உடைந்த தூளையும் அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. தெருவையே வெள்ளையாக்கும் அந்தப் புழுதி வருவது நின்றால், துளை இறங்குவதும் நின்றுவிடும்.

வீட்டுக்கு ஒரு பேட்டரி டிரில் வாங்கப் போகிறவர் முதலில் இதைத்தான் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரும்பையும் மரத்தையும் சீவி எடுக்கலாம். கூர்மையான விளிம்பும் சுழற்சியும் போதும். கல்லைச் சீவ முடியாது, உடைக்கத்தான் முடியும். சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் கிடப்பது நைஸும் சார்னோகைட்டும். அந்தப் பாறையை உடைத்த ஜல்லிதான் நம் வீட்டுத் தளத்திலும் தூணிலும் பீமிலும் இருக்கிறது. வீடுகளுக்குப் பரவலாகப் போடும் எம்20 கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும். அதற்குள் இருக்கும் ஜல்லி 100 நியூட்டனுக்கு மேல் தாங்கும். அதனால்தான் கான்கிரீட்டில் டிரில் வைத்தால் பூச்சில் வெண்ணெயாய் இறங்கும் பிட், ஓர் அங்குலம் போனதும் சட்டென்று நின்று கீச்சிடுகிறது. ஜல்லியில் முட்டியிருக்கிறது என்று அர்த்தம். பலர் அந்த இடத்தில் உடம்பு பாரம் முழுவதையும் மெஷின்மேல் போடுகிறார்கள். பிட்டின் முனை சிவக்கிறது, பேட்டரி கொதிக்கிறது, துளை ஒரு மில்லிமீட்டர் நகர்வதில்லை.

கடையில் ‘ஹேமர்’ என்று எழுதியிருக்கும் சாதாரண பேட்டரி டிரில்லுக்குள் இருப்பது பல் வெட்டிய இரண்டு வட்டுகள். சுழலும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் அதிரும். ஒவ்வோர் அதிர்வும் மிகச் சின்னது. அதற்கு விசை தருவது நம் கைதான். செங்கல், ஹாலோ பிளாக், சாம்பல் கல் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். ரோட்டரி ஹேமர் வேறு சாதி. அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஒரு எஃகுத் துண்டை எறிய, அது பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை, இரண்டு ஜூல் ஆற்றல் உண்டு. திருச்செங்கோட்டுச் சுத்தியலின் நேரடித் தம்பி இது. இதை அழுத்திப் பிடிக்கவும் தேவையில்லை. மெஷினைப் பதமாகத் தாங்கிக்கொண்டால் ஜல்லி தானாக நொறுங்கும்.

தூள் விஷயத்தில் நிலவிலேயே ஒரு பாடம் நடந்திருக்கிறது. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் பேட்டரியில் ஓடும் டிரில்லால் துளை போட்டார். சுழன்றுகொண்டே அடிக்கும் வகை அது. வெப்ப அளவிகளை இறக்க 3 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது திட்டம், பாதியளவுதான் இறங்கியது. தண்டின் இணைப்புகளில் திருகுப் பள்ளம் ஆழம் குறைந்திருந்ததால், உடைந்த தூள் மேலே ஏற வழியின்றி அடைத்துக்கொண்டது. தண்டைத் திருத்தி அனுப்பிய பிறகு, அப்போலோ 17-இல் துளைகள் இரண்டு மீட்டரைத் தாண்டி இறங்கின. நம் சுவரிலும் இதுவே நடக்கும். ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை சுழலும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. பேட்டரி டிரில்லைக் கண்டுபிடித்ததே நாசா என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1961-லேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இனி பேட்டரிக்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் காட்டுவது மெஷினை. நாம் காசு கொடுத்து வாங்குவதில் பெரும்பங்கு பேட்டரி. முதலில் சாகப்போவதும் அதுதான்.

18 வோல்ட் பேட்டரியைத் திறந்தால், பெரும்பாலும் கட்டை விரல் பருமனுள்ள உருளைகள் தெரியும். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். அதனால் 18650 என்று பெயர். ஒவ்வொரு லித்தியம் அயான் செல்லும் சராசரியாக 3.6 வோல்ட் தரும். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் வரை ஏறும் என்பதால், அதே ஐந்து செல் பேட்டரியைச் சில நிறுவனங்கள் 20 வோல்ட் என்றும் 21 வோல்ட் என்றும் எழுதுகின்றன. மூன்று செல் இருந்தால் 10.8, அதையே 12 வோல்ட் என்று விற்கிறார்கள். இதுவரை கணக்கு நேர்மையானது. 48, 88, 128 என்றெல்லாம் எண் போட்டு மலிவு விலையில் வருபவை அப்படியல்ல. அவற்றைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் 21 வோல்ட்டுக்கு மேல் எந்த மாயத்தாலும் வராது.

கொள்ளளவில் ஏமாற்று இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மளிகைக் கடைத் தராசே போதும். ஒரு 18650 செல்லின் எடை சுமார் 45 கிராம். இந்த அளவு செல்லில், டிரில் இழுக்கும் மின்னோட்டத்தைத் தரக்கூடிய ரகம் 3 ஆம்பியர்-மணியை ஒட்டியே நிற்கும். 18 வோல்ட்டில் 5 ஆம்பியர்-மணி வேண்டும் என்றால் இந்தச் செல் பத்து வேண்டும். வெறும் செல்லே 450 கிராம், கூடும் தகடும் சேர்ந்து 600 கிராமைத் தொடும். 350 கிராம் எடையுள்ள பேட்டரியில் 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்குக் கட்டாயமான ஐஎஸ் 16046 என்ற தர எண் மேலே இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. பட்டறைகளில் நாலங்குலச் சக்கரம் மாட்டி ஓடும் 670 வாட் ஆங்கிள் கிரைண்டரின் பசிக்கு இது மூன்று நிமிடச் சொச்சம்தான் தாங்கும். ஆனால் இரண்டங்குல ஸ்க்ரூ ஒன்றை மரத்தில் இறக்க, மோட்டாரின் இழப்பையும் சேர்த்து, ஆயிரம் ஜூல் போதும். 36 வாட்-மணி என்பது 1,29,600 ஜூல். நூறு ஸ்க்ரூவுக்கு மேல் இறக்கலாம். விட்டுவிட்டு நடக்கும் வேலைக்கு பேட்டரி, விடாமல் அரைக்கும் வேலைக்கு வயர் என்ற என் தீர்மானம் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் நாள் முழுக்க ஓட்டக் கைநிறைய பேட்டரி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு அது வீண் செலவு.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். நல்ல பேட்டரி ஒன்றை 500 தடவை முழுதாக ஏற்றி இறக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 36 வாட்-மணி பேட்டரி தன் வாழ்நாள் முழுவதும் தரும் மின்சாரம் 18 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சார்ஜ் போடும் செலவு செலவே அல்ல. பேட்டரி மூப்படைவதுதான் செலவு. வீட்டு பேட்டரிகளில் பெரும்பாலானவை இந்த 500-இல் ஐம்பதைக்கூடப் பார்ப்பதில்லை. உழைத்துச் சாவதில்லை அவை. சும்மா கிடந்தே சாகின்றன.

சும்மா கிடக்கும் செல் ஏன் கெடுகிறது? செல்லின் ஒரு முனையில் கிராஃபைட், மறுமுனையில் உலோக ஆக்சைடு, நடுவே லித்தியம் அயனிகள் நீந்தும் கரிமத் திரவம். சார்ஜ் ஏறும்போது அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. இந்த ஏற்பாட்டை உருவாக்கியதற்காகத்தான் ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சார்ஜ் ஏறிய கிராஃபைட்டைத் தொடும் திரவம் மெல்லச் சிதைந்து அதன்மேல் ஒரு படலமாகப் படிகிறது. முதல் படலம் நல்லது. மேற்கொண்டு சிதையாமல் காக்கிறது. ஆனால் அது முழுதாக நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த லித்தியம் இனி வேலைக்கு வராது.

வேதிவினைகளின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பழைய கட்டைவிரல் கணக்கு. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். முழு சார்ஜ் இன்னொரு எரிச்சல். அந்த உயர்ந்த மின்னழுத்தத்தில் ஆக்சைடு முனையிலும் திரவம் சிதைகிறது. பேட்டரி பற்றிய எழுத்துகளில் பரவலாகக் காட்டப்படும் ஓர் அளவீட்டின்படி, 40 விழுக்காடு சார்ஜில் 25 டிகிரியில் ஓராண்டு கிடந்த செல்லில் சுமார் 96 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சுகிறது. முழு சார்ஜில் 40 டிகிரியில் கிடந்ததில் மிஞ்சுவது சுமார் 65 விழுக்காடு. ஒரு ஸ்க்ரூகூட இறக்காமல் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

இப்போது நம் வீடுகளில் டிரில் பெட்டி எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பரணில். வேலை முடிந்ததும் ‘அடுத்த தடவைக்கு ஆகட்டும்’ என்று முழுதாகச் சார்ஜ் போட்டு, பெட்டியை மூடி, ஸ்டூல் போட்டு ஏறி, கான்கிரீட் தளத்துக்கு ஒன்றரை அடி கீழே வைத்துவிடுகிறோம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பத்து மணிக்கும் அனல் கக்கிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். தகரக் கூரை போட்ட மாடி அறை இதைவிட மோசம். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்வெப்பம் 60 டிகிரியை எட்டும். பேட்டரியை மட்டும் கழற்றி, வடக்குப் பக்கச் சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைத்தால் ஆயுள் கண்கூடாகக் கூடும். ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. வெளியே எடுக்கும்போது முனைகளில் நீர் பூத்துத் தொல்லைதான் மிஞ்சும்.

பேட்டரியில் நாலு விளக்கு இருந்தால் இரண்டு எரியும் நிலையில் வையுங்கள். வேலைக்கு முந்தின இரவு முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஒட்ட உறிஞ்சிவிட்டு, மெஷின் நின்றதும் அப்படியே மூட்டை கட்டி வைப்பது. செல் சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்; காவல் காக்கும் மின்சுற்றும் தன் பங்குக்குக் குடிக்கும். செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் பல சார்ஜர்கள் ஏற்ற மறுக்கும். இன்னும் வெகுவாக இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி உண்டு. செத்த பேட்டரியை வேறு பேட்டரியோடு வயர் கொடுத்து ‘உசுப்பி’விடும் வீடியோக்களைப் பார்த்து யாரும் செய்ய வேண்டாம். சார்ஜர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வேலை முடிந்த கையோடு சூட்டுடன் சார்ஜரில் செருகுவதும் கூடாது. நல்ல சார்ஜர் சூடான பேட்டரியை அறிந்து, ஆறும்வரை காத்திருந்துதான் ஏற்றத் தொடங்கும். மலிவான சார்ஜருக்கு அந்த அறிவு இருக்காது. அரை மணி நேரம் நிழலில் ஆற விடுவது நம் பொறுப்பு. மே மாதத்தில் காலை ஏழு மணிக்குச் சார்ஜ் போடுவதும் பிற்பகல் மூன்று மணிக்குப் போடுவதும் ஒன்றல்ல.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்த வேதியியலில் நம் வீட்டுப் பெருமை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2018 ஜூனில், அங்கே உருவான லித்தியம் அயான் நுட்பத்தை ராசி குழுமத்துக்குக் கொடுக்க ஒப்பந்தமானது. சேலத்துக்கு வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை தொடங்குவது அன்றைய எண்ணம். நம் கைக்கு வரும் செல்களில் பெரும்பாலானவை இன்றும் இறக்குமதிதான். நம் வெயிலில் ஆண்டு முழுக்க வைத்துச் சோதித்த செல்கள் இங்கேயே பெருவாரியாக உருவாக வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய உண்டு.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வகையில் கார்பன் பிரஷ் உரசி மின்சாரத்தைச் சுழலும் பாகத்துக்குக் கொடுக்கிறது. உரசலில் கொஞ்சம் ஆற்றலும் கார்பனும் தேய்கின்றன. மெஷின் விட்டுவிட்டு ஓடினால், பொறி அதிகம் பறந்தால், மெக்கானிக் பிரித்துக்கூடப் பார்க்காமல் ‘கார்பன் போயிருச்சுங்க’ என்பார்; பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் சுழல்கிறது, சுருள் நிலையாக நிற்கிறது, உரசல் இல்லை. அதே பேட்டரியில் கூடுதல் வேலை நடக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மின்னணுத் தகடு போனால் நம்மூர் காயில் கட்டும் கடையில் வேலை நடக்காது. தகட்டையே மாற்ற வேண்டும். ஆண்டுக்குப் பத்து நாள் எடுக்கிறவருக்குக் கார்பன் வகையே போதும் என்பேன்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் துகள் மோட்டாரின் காற்றுத் துளையில் அடைத்துக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் துடைத்து எடுப்பதே நல்லது. பஞ்சர் கடைக் காற்றை நேரே பிடித்தால் தூள் பேரிங்குக்குள் போய் உட்காரும். டேங்கில் தேங்கிய நீரும் கூடவே வரும். கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நீண்ட கொட்டகையில் வயர் இழுக்காமல் வலை மாட்டவும் தீவனத் தொட்டியைச் சரிசெய்யவும் பேட்டரி டிரில்லைப் போல உதவும் பொருள் வேறில்லை. ஆனால் எச்சத்திலிருந்து எழும் அமோனியா செம்புக் கலவைகளை அரிக்கும். மெஷினைக் கொட்டகையிலேயே விட்டுவைத்தால் பேட்டரியின் முனைகள் பச்சை பூக்கும்.

மழுங்கிய பிட் பேட்டரியையும் தின்னும். பிட் வெட்டாவிட்டால் மோட்டார் திணறும், மின்னோட்டம் ஏறும். மின்னோட்டம் இரு மடங்கானால் செல்லுக்குள் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. இதே விதி பெரிய பேட்டரிக்குச் சாதகம். ஐந்து செல்லுக்குப் பதில் பத்து செல் இருந்தால் ஒவ்வொன்றும் பாதிச் சுமைதான் இழுக்கும். ஒவ்வொன்றின் சூடும் கால் பங்காகும். நம்மூர் வெப்பத்தில் கடின வேலை செய்கிறவர்கள் 2 ஆம்பியர்-மணியில் இரண்டு வாங்குவதைவிட 4-இல் ஒன்று வாங்குவது மேல்.

ஆக, வீட்டுக்கு என்ன வாங்குவது? திரைச்சீலைக் கம்பி, அலமாரிக் கீல், ஸ்விட்ச் பெட்டி, கட்டில் கூட்டுதல் இவற்றுக்கு மூன்று செல் 12 வோல்ட் டிரில்லே போதும். ஒரு கிலோ எடைதான், கழுத்தருகே எண் போட்ட கிளட்ச் வளையம் இருக்க வேண்டும். பிளைவுட்டில் சின்ன ஸ்க்ரூ இறக்கும்போது வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்தால் தலை பிய்யாமல் தானே நின்றுவிடும். தோட்டத்து வீட்டில் வேலியும் கொட்டகையும் இருப்பவர்கள் 18 வோல்ட் எடுக்கலாம். அடுத்தடுத்து வாங்கும் மெஷின்களும் அதே பேட்டரியில் ஓட வேண்டும் என்பதால் முதல் நாளிலேயே நிறுவனத்தை முடிவு செய்துவிடுங்கள். அதற்குச் சேலத்திலோ நாமக்கல்லிலோ சர்வீஸ் சென்டர் உண்டா, மூன்று ஆண்டு கழித்து இதே பேட்டரி கிடைக்குமா என்று வாங்கும் முன் கேளுங்கள். கான்கிரீட் தளத்தில் நாலு துளைக்காக பேட்டரி ரோட்டரி ஹேமர் வாங்கவே வேண்டாம்; வயர் உள்ளதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவிடலாம்.

தேய்ந்துபோன பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். அங்கே சம்மட்டியால் தட்டும்போது செல் நசுங்கித் தீப்பிடிக்கும். அந்த அடியை வாங்குவது ஒரு கூலித் தொழிலாளியின் கை. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வாங்கிய கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.